போர்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கொடி

அமெரிக்க அணியில் எத்தனை பேர் அமெரிக்கர்கள் என்று கேட்டால் அபத்தமாக இருக்கும். ஆனால் 2022 ஜூலை 28-ல் தொடங்கி ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடில் இது நியாயமான கேள்விதான். ஐந்து பேர் வந்திருந்தார்கள். லெவான் அரோனியன் ஆர்மீனியாவில் பிறந்து, அந்த நாட்டுக்காக மூன்று ஒலிம்பியாட் தங்கம் வென்றவர். வெஸ்லி ஸோ பிலிப்பைன்ஸ்காரர். லெய்னியர் டொமிங்கஸ் கியூபாவிலிருந்து வந்தவர். ஃபேபியானோ கருவானா மயாமியில் பிறந்தவர்தான், ஆனால் பத்து வருஷம் இத்தாலிக்கு ஆடிவிட்டு வீடு திரும்பியவர். முதலிலிருந்தே அமெரிக்காவுக்கு ஆடியவர் என்றால் சாம் ஷாங்க்லாண்ட் ஒருவர்தான்.

ரேட்டிங் கணக்குப்படி போட்டியிலேயே முதலிடம் இவர்களுக்கு. தங்கம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை, வெள்ளி யாருக்கு என்று மட்டும் பேசலாம் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கடைசியில் ஒரு மெடல்கூட இல்லை. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. வெண்கலம் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு. வெள்ளி யாருக்குத் தெரியுமா? அரோனியன் விட்டுவிட்டு வந்த ஆர்மீனியாவுக்கு!

ஒவ்வொரு போர்டுக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிக் கொடி இருக்கும். அந்தக் கொடி எப்படி அங்கே வருகிறது, எப்படி மாறுகிறது என்பதுதான் இந்த வார விஷயம்.

இது செஸ்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கிக்கு என்.ஹெச்.எல். என்று ஒரு பெரிய லீக் உண்டு. அறுபதுகளில் அதில் ஆடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கனடாக்காரர்கள். அணிகளே மொத்தம் 6-தான். 1967-ல் 12 ஆக்கினார்கள். இன்று 32. ஆள் தேவை கூடியதும் கண் வெளியே போனது. 1973-ல் போர்யே சால்மிங் என்ற ஸ்வீடன்காரர் டொரான்டோ அணிக்கு வந்தபோது, ஸ்வீடன்காரன் பயந்தாங்கொள்ளி, அடி தாங்கமாட்டான் என்று கேலி செய்தார்கள். அவர் பதினாறு சீசன் அதே அணிக்கு ஆடிக் காட்டினார். 1989-லிருந்து ரஷ்யர்களும் வந்தார்கள். இப்போது அந்த லீக்கில் கனடாக்காரர்கள் பாதிக்கும் கீழே. அமெரிக்கர்கள், ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, செக் என்று பட்டியல் நீள்கிறது. ஆட்டம் அதேதான். ஆடுபவர்களின் ஊர்தான் மாறிவிட்டது.

செஸ்ஸில் கனடாவின் இடத்தில் இருந்தது சோவியத் யூனியன். 1950-ல் சர்வதேச செஸ் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை முதல்முதலாக முறைப்படி கொடுத்தபோது 27 பேருக்குக் கொடுத்தது. அதில் 11 பேர் சோவியத். இந்தியர் பூஜ்யம். 1952-ல் ஒலிம்பியாடுக்குள் நுழைந்த சோவியத் அணி, 1990 வரை கலந்துகொண்ட ஒவ்வொன்றிலும் தங்கம் வாங்கியது, 1978 ஒன்றைத் தவிர. அந்த வருஷம் ஹங்கேரி தட்டிக்கொண்டு போனது.

இந்தியர் பூஜ்யம் என்று சொன்னேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுல்தான் கான் என்று ஒருவர் இருந்தார். அன்றைய ஒன்றுபட்ட பஞ்சாபில் பிறந்தவர். ஒரு பெரிய ஜமீன்தாரின் கூட 1929-ல் லண்டன் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை. காபாபிளாங்காவையே தோற்கடித்தார். மூன்று ஒலிம்பியாடில் முதல் போர்டில் உட்கார்ந்தார், இங்கிலாந்து அணிக்காக. பிறகு ஊர் திரும்பி விவசாயம் பார்த்துக்கொண்டு, 1966-ல் காலமாகிவிட்டார். பிறந்த இடம் அதற்குள் பாகிஸ்தான் ஆகியிருந்தது. 2024-ல் சம்மேளனம் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது, பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று! ஆடியது ஆங்கிலேயர் கொடியில், பிறந்தது இந்தியாவில், பட்டம் பாகிஸ்தானுக்கு. போர்டில் அவர் நகர்த்திய குதிரைக்கு இது ஒன்றும் தெரியாது.

(அதே பாகிஸ்தான் அணி 2022-ல் சென்னை வரை வந்து இறங்கிவிட்டு, ஒலிம்பியாட் ஜோதி காஷ்மீர் வழியாகப் போனதற்கு எதிர்ப்புத் தெரிவித்து, ஆடாமலே திரும்பிப் போனது தனிக்கதை.)

*

கொடி மாற இரண்டு வழிகள்தான். ஒன்று, ஆள் இடம் மாறுவது. இன்னொன்று, இருக்கிற இடத்திலேயே புதிதாக ஆள் முளைப்பது.

முதல் வழிக்குப் போரும் வறுமையும் அரசியலும் காரணம். 1991-ல் சோவியத் யூனியன் சிதறியதும் கிராண்ட்மாஸ்டர்கள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு இஸ்ரேல், ஜெர்மனி, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். அலிரேஸா ஃபிரோஸ்ஜா ஈரானை விட்டு ஃபிரான்ஸுக்குப் போனார். 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு மறுபடி ஒரு அலை. நிகிதா வித்யூகோவ் இங்கிலாந்துக்கு, விளாதிமிர் ஃபெதோசெயெவ் ஸ்லோவேனியாவுக்கு, முன்னாள் பெண்கள் உலக சாம்பியன் அலெக்ஸாந்த்ரா கோஸ்தென்யுக் ஸ்விட்ஸர்லாந்துக்கு. இந்த ஒலிம்பியாடே ரஷ்யாவில் நடக்க வேண்டியது. போர் வந்ததால் பறிக்கப்பட்டு, மார்ச் மாதம் சென்னைக்குத் தரப்பட்டது. நாலரை மாதத்தில் கல்யாண மண்டபம் தேடுவதே சிரமம். இங்கே 180-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலை போட்டு உட்காரவைத்தார்கள்.

எதிர்த்திசையிலும் ஆள் போவதுண்டு. உக்ரைனின் அன்னா முஸிசுக் பத்து வருஷம் ஸ்லோவேனியா கொடியில் ஆடிவிட்டு 2014-ல் தாய்நாட்டுக்கே திரும்பினார். மாமல்லபுரத்தில் பெண்கள் பிரிவுத் தங்கம் உக்ரைனுக்கு. ஊரில் சைரன் அலறிக்கொண்டிருக்க, அந்த ஐந்து பெண்கள் இங்கே கடற்கரைக் காற்றில் உட்கார்ந்து ஜெயித்தார்கள்.

இரண்டாவது வழிக்கு உதாரணம் உஸ்பெகிஸ்தான். 1992 மணிலா ஒலிம்பியாட், சோவியத் உடைந்த பிறகு நடந்த முதல் ஒலிம்பியாட். அதில் உஸ்பெகிஸ்தானுக்கு வெள்ளி. ஆனால் அந்த வெள்ளி, சோவியத் விட்டுப்போன சொத்து. வாங்கியவர்களில் ஒருவர் ஜெர்மனிக்குப் போனார், ஒருவர் அமெரிக்காவுக்கு, ஒருவர் ரஷ்யாவுக்கு. சொத்து கரைந்தது. முப்பது வருஷம் கழித்து மாமல்லபுரத்துக்கு வந்த அணியில் ஜவாஹிர் சிந்தாரோவுக்கு வயது 16, நோதிர்பெக் அப்துஸத்தாரோவுக்கு 17. மூத்தவருக்கே முப்பது ஆகவில்லை. எல்லோரும் அந்த மண்ணில் பிறந்து அங்கேயே ஆடக் கற்றவர்கள். ரஷ்யாவுக்குத் தடை, சீனா வரவில்லை என்பதால் கிடைத்த தங்கம் என்று சிலர் சொன்னார்கள். (2019-ல் சீன அதிபர் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போன ஊருக்கு 2022-ல் சீன அணி வரவில்லை!) 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடுக்குச் சீனா வந்தது. அங்கேயும் உஸ்பெகிஸ்தான் வெண்கலம் வாங்கியது. 2025-ல் கோவாவில் நடந்த உலகக் கோப்பையை அதே சிந்தாரோவ் ஜெயித்தார்.

நம் கதையும் இரண்டாவது வழிக் கதைதான். செஸ் நம்முடைய ஆட்டம், சதுரங்கம் என்று நாம்தான் பெயர் வைத்தோம் என்பது சரி. நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சிவபெருமானுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். ஆனால் சாமி ஆடினார் என்பதற்காக நமக்கு கிராண்ட்மாஸ்டர் வந்துவிடவில்லை. வந்த வழி வேறு. 1961-ல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. ரஷ்யர்கள் இடமும் புத்தகமும் கொடுத்தார்கள், ஆரோன் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அங்கே வந்து விறுவிறுவென்று ஆடிய ஒரு பையன்தான் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அதாவது ரஷ்யர்களைத் தோற்கடிக்கப் போகிறவருக்கு ரஷ்யர்களே பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. சோவியத் காலத்தில் ஓப்பனிங் ஆராய்ச்சியெல்லாம் அட்டைகளில் எழுதிப் பூட்டி வைத்த ரகசியம். அது லேப்டாப்பில் யாருக்கும் கிடைப்பதாக ஆனதும் மாஸ்கோவும் முகப்பேரும் ஒன்றாகிவிட்டன. ஆர்.பி. ரமேஷ் மாதிரி ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு முழுநேரப் பயிற்சியாளர் ஆனார்கள். 1988-ல் ஒன்றாக இருந்த எண்ணிக்கை, 2025-ல் திவ்யா தேஷ்முக் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது 88-ஐத் தொட்டது. அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாடு. மாமல்லபுரத்தில் வெண்கலம் வாங்கிய அந்த இரண்டாவது அணியில் குகேஷுக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் அப்போது 16 வயது. குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். எட்டாவதில் தோற்றவர் அந்த அமெரிக்க அணியின் கருவானா. 2024-ல் புடாபெஸ்ட்டில் ஆண், பெண் இரண்டு தங்கமும் இந்தியாவுக்கு. அதே டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். உடனே ஆந்திர முதல்வர் அவர் எங்கள் தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்த, தமிழக முதல்வர் சென்னைப் பிள்ளை என்று வாழ்த்த, கொடித் தகராறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

*

சரி, இதிலெல்லாம் பணம் கட்டியது யார்?

எந்தக் கொடி மாற்றத்துக்கும் பின்னால் ஒரு பில் இருக்கிறது. சோவியத்தில் அரசாங்கம் கட்டியது. செஸ் ஆடுவது அங்கே சம்பளமுள்ள உத்தியோகம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ரெக்ஸ் சின்க்ஃபீல்டு மாதிரி பணக்காரர்களும் ஸ்காலர்ஷிப் தரும் பல்கலைக்கழகங்களும் கட்டுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் கட்டியவர்கள் அப்பா அம்மா. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகப் பிராக்டிஸை நிறுத்திவிட்டார். வீடு ஓடியது அம்மாவின் சம்பளத்தில். நண்பர்கள் கை கொடுத்தார்கள். பிரக்ஞானந்தாவின் தந்தை வங்கி ஊழியர். அம்மா எந்த நாட்டுக்குப் போனாலும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கும்பிட வேண்டிய பெற்றோர்கள். ஆனால் பிராக்டிஸே இல்லாத, பிராவிடன்ட் ஃபண்டே இல்லாத அப்பாவின் பிள்ளை என்ன செய்யும்?

ஒலிம்பியாட் முடிந்த மறுவருஷம் செங்கல்பட்டில் ஒரு வேலை. முடித்துவிட்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமல்லபுரம் போனேன். ஐந்து ரதம் போகும் வழியில் ஒரு சிற்பப் பட்டறை. வாசலில் கல்லில் செய்த செஸ் போர்டு ஒன்று, 32 காய்களோடு. கறுப்பு யானைக்கு மட்டும் தும்பிக்கை உடைந்திருந்தது. பட்டறைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும்.

"ஒலிம்பியாட் டயத்துல இது மாதிரி நிறைய போச்சு சார். வெள்ளைக்காரங்க வாங்கினாங்க. இது மட்டும் தும்பிக்கை உடைஞ்சு நின்னுடுச்சு" என்றார்.

"நீங்க ஆடுவீங்களா?"

"எனக்குத் தெரியாது சார். பாப்பா ஆடும். கவர்மென்ட் ஸ்கூல், எட்டாவது. தம்பி பொம்மை வெச்சு ஊரெல்லாம் விளம்பரம் பண்ணாங்கல்ல, அப்ப ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க. பிடிச்சுக்கிச்சு. குறுவட்டத்துல ஜெயிச்சு, மாவட்டத்துக்குப் போச்சு."

வேட்டி சட்டை போட்ட குதிரைப் பொம்மை தம்பி, ஒரு வீட்டுக்குள் நிஜமாகவே நுழைந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். அடுத்து என்ன என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்தார்.

"ஸ்கூல் மேட்ச்னா பஸ் காசோட முடிஞ்சிடும் சார். ரேட்டிங் வேணும்னா வெளி டோர்னமென்ட் ஆடணுமாம். அதுக்கு ஃபீஸு, ரூமு, சாப்பாடு. பொம்பளப் புள்ள, தனியா அனுப்ப முடியுமா? நான் கூடப் போனா நாலு நாளு உளி சும்மா கெடக்கும். கோச்சுக்கு மணிக்கு இவ்வளவுன்னு தனி. ஒரு எடத்துல கேட்டேன், பாப்பா லேட்டா ஆரம்பிச்சிருக்குன்னுட்டாங்க."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பதிமூணு சார்."

பதிமூன்று வயதில் லேட்! யோசித்துப் பார்த்தால், சொன்னவர் பொய் சொல்லவில்லை. குகேஷும் பிரக்ஞானந்தாவும் பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர்.

செஸ் ஏழைக்கு ஏற்ற விளையாட்டு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அட்டையும் பிளாஸ்டிக் காயும் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம். ஆட்டம் மலிவுதான். ரேட்டிங்தான் விலை. அந்த நம்பரை ஏற்ற வேண்டுமானால் ரேட்டிங் உள்ளவர்களோடு ஆட வேண்டும். அவர்கள் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். கிராண்ட்மாஸ்டர் நார்ம் வாங்க வேண்டுமானால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் இருக்கும் போட்டி வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஐரோப்பாதான். பாஸ்போர்ட், விசா, விமானம். பூஞ்சேரியில் உலகமே வந்து உட்கார்ந்த பதினான்கு நாட்கள் இதற்கு விதிவிலக்கு. அந்த நாட்களில் வாசல் வரை வந்து திரும்பிப் போன கூட்டத்தில் எத்தனை பாப்பாக்கள் இருந்தார்களோ!

அதே கடற்கரையில் எதிர் உதாரணமும் இருக்கிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், முதலில் வெளிநாட்டுப் பயணிகளின் பொழுதுபோக்கு. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பையன்கள் பலகையை இரவல் வாங்கி ஏறினார்கள். இன்று தேசியப் போட்டிகளில் இந்தக் குப்பத்துப் பிள்ளைகள் முன்வரிசை. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் இந்தியாவில் முதல்முறையாக நடந்தபோது, மாமல்லபுரத்தில்தான் நடந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் மெடல் வாங்கிய முதல் இந்தியர் அவர். கடலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அலையோடு பழகியவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். எனவே கொடி மாறியபோது குடிசையும் சேர்ந்து மாறியது.

செஸ்ஸில் அதைச் செய்ய யாராவது அலையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2012-ல் '7 முதல் 17' என்று பள்ளிக்கூடங்களில் செஸ் கொண்டுவந்தார்கள். 2022-ல் ஒலிம்பியாடையே கொண்டுவந்தார்கள். 2023-ல் விளையாட்டு வீரர்களுக்கு உதவ தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கினார்கள். குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் ஐந்து கோடி ரூபாய் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பரிசு என்பது ஜெயித்த பிறகு வருவது. பஸ் காசு அதற்கு முன்னால் வேண்டியது.

என் ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டத்துக்கு ஒரு நல்ல கோச், மாதச் சம்பளத்தில். மாவட்டத் தலைநகரிலேயே மாதம் ஒரு ரேட்டிங் போட்டி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாமல். கூட வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த நாட்களின் கூலி. இந்தக் கடைசி வரிதான் முக்கியம், இதைத்தான் எந்தத் திட்டத்திலும் யாரும் எழுதுவதில்லை. செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. ஒலிம்பியாட் நடத்திய மாவட்டம் என்ற பெருமை இருக்கிறது. இங்கிருந்தே தொடங்கலாம்.

2026 ஒலிம்பியாட் உஸ்பெகிஸ்தானுக்குத் தரப்பட்டிருக்கிறது. இந்திய அணி ஜெயித்தால் நானும் கைதட்டுவேன், பட்டாசு கிடைத்தால் வெடிப்பேன். பேப்பரில் பட்டியல் வரும், பெயருக்குப் பக்கத்தில் நாடு போட்டிருப்பார்கள். நான் இன்னும் இரண்டு விஷயம் தேடுவேன். பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எது, அப்பாவுக்கு என்ன வேலை. நாடு மாற நாற்பது வருஷம் ஆயிற்று. அந்த இரண்டும் மாற அவ்வளவு காலம் ஆகக்கூடாது. பாப்பாவுக்கு ஏற்கெனவே லேட் என்கிறார்கள்.